இரண்டு படங்கள் சேரும் இடம்

நான் ஆறாம் தரத்தில் படித்தபோது அப்பா வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முந்திய ஒன்பது வருடத்தில் அவரை நான்கு தடவைதான் பார்த்திருந்தேன். லீவில் வந்த நாட்களில் அவர் சொக்லேட் கொண்டுவருகிற மனிதர். இப்போது வந்தவரோ எந்நேரமும் தூங்குகிற மனிதராக இருந்தார். காலையில் எழுந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்வார். வெயில் கண்ணைக் குத்துகிறது என்று முன்கதவைச் சாத்தச் சொல்வார். ஒன்பது வருடக் களைப்பு ஒரு மாதத்தில் போய்விடுமா, சத்தம் போடாமல் இரு என்று அம்மா என்னை அடக்குவார். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று யார் கேட்டாலும் அப்பாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. பெண்டாட்டி பிள்ளையோடு இருக்க வேண்டும் போலிருந்தது, வந்துவிட்டேன் என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் எங்களோடு இருக்க வந்தவர் ஏன் எந்நேரமும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார் என்பதுதான் விளங்கவில்லை.

அவர் என்ன வேலை செய்தார் என்பதும் அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. வகுப்பில் கேட்டால் படம் காட்டுகிற வேலை என்பேன். தியேட்டரிலா என்று கேட்பார்கள். இல்லை, பெரிய விளையாட்டுப் பூங்காவில் என்பேன். ஒரு மழை நாளில் அப்பாவிடமே கேட்டேன். அம்மா அப்போதுதான் தேங்காய் துருவிப் போட்டிருந்த ஒரு சிரட்டையை எடுத்து உள்பக்கத்தை எனக்குக் காட்டினார்.

"இதுக்குள்ள ஒரு எறும்ப விட்டா அதுக்கு இந்தச் சிரட்டதான் ஒலகம். ஓரம் கண்ணுல படாத வரைக்கும் நம்பிக்கிட்டே இருக்கும்."

அவர் வேலை செய்த இடம் ஜன்னலே இல்லாத பெரிய கட்டடம், உள்ளே தரையிலிருந்து கூரை வரை கறுப்புப் பெயின்ட். அதற்குள் தண்டவாளத்தில் எட்டுப் பேர் உட்காரும் வண்டிகள் போகும். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு திரை, சிரட்டையைப் போல உள்பக்கமாக வளைந்து நிற்கும். வண்டியில் இருப்பவருக்கு மேலே பார்த்தாலும் பக்கத்தில் பார்த்தாலும் படம்தான், திரையின் விளிம்பு எங்கேயும் தெரியாது. தட்டையாக எடுத்த படத்தை அப்படியே அந்த வளைவில் விழுத்தினால் நேர்கோடெல்லாம் கோணிப் போகும். அதனால் கொம்பியூட்டரில் முன்கூட்டியே படத்தை எதிர்ப்பக்கமாகக் கோணலாக்கி அனுப்புவார்கள். இரண்டு கோணலும் சேர்ந்து, வண்டியில் உட்கார்ந்திருப்பவருடைய கண்ணுக்கு மட்டும் நேராகத் தெரியும். பறக்கிறோம், பள்ளத்தில் விழுகிறோம் என்று எல்லோரும் அலறுகிற இடத்தில் வண்டி உண்மையில் இரண்டடிகூட நகர்ந்திருக்காது.

"வண்டி கீழ விழாது. படம் மேல ஏறும், வண்டி மூக்கு கொஞ்சம் குனியும், மூஞ்சில காத்து அடிக்கும். மிச்சத்த வயிறு பாத்துக்கும்."

அவ்வளவு பெரிய திரைக்கு ஒரு புரொஜெக்டர் வெளிச்சம் போதாது. ஐந்தாறு வைத்து, பக்கம் பக்கமாகப் படத்தை விழுத்துவார்கள். ஒன்றின் ஓரமும் அடுத்ததன் ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும். அந்த இடத்தில் ஒன்று மெல்ல மங்க, மற்றது மெல்லத் துலங்கும். சரியாக அமைந்தால் எங்கே ஒட்டியது என்று யாருக்கும் தெரியாது. சூட்டிலோ அதிர்விலோ ஒரு மெஷின் மயிரிழை நகர்ந்தாலும் நடுவில் கோடு விழுந்துவிடும். தினமும் கதவு திறக்குமுன் இருட்டில் நின்று அந்தக் கோட்டைக் கண்டுபிடித்து இல்லாமலாக்குவதுதான் அப்பாவின் வேலை. ஒன்பது வருடம் அதைத்தான் செய்தார். அவர் நன்றாக வேலை செய்தார் என்பதற்கு அடையாளம், யாரும் எதையும் பார்க்காமல் போனதுதான். இதை வகுப்பில் எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

அந்த வருடம் எங்கள் பாடசாலையில் கண்காட்சி வைத்தார்கள். எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த சேர் வீட்டுக்கே வந்து, பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றைச் சின்னதாகச் செய்து காட்ட முடியுமா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா முடியாது என்றுதான் முதலில் சொன்னார். அப்போது சேர் இன்னொரு விஷயத்தைச் சொன்னார். சீகிரியாப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் மெனேஜர் கண்காட்சிக்கு வரப்போகிறார். சீகிரியாக் குன்றில் ஏற முடியாத வயதான வெள்ளைக்காரர்கள் கதிரையில் உட்கார்ந்தபடியே ஏறிப் பார்க்கிற மாதிரி ஒரு திரை அறை வைக்க அவர் ஆள் தேடுகிறார். அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சேர் போனபின் அம்மா சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"சீகிரியான்னா வாரத்துக்கு ஒருக்கா வீட்டுக்கு வரலாம். செஞ்சிதான் பாருங்களே."

அப்பா செய்தார். பழைய விளம்பர பெனர்களைச் சேர்த்துத் தைத்து, வெள்ளையான பின்பக்கத்தை முன்னால் வைத்து, மூங்கிலில் வளைத்துக் கட்டினார். அதற்கு வெள்ளைப் பெயின்ட் பூசாமல், கறுப்பைக் கலந்து சாம்பல் நிறமாக்கிப் பூசினார். பார்த்தவர்கள் எல்லாம் திரையை ஏன் அழுக்காக்குகிறார் என்று கேட்டார்கள். வளைந்த திரை வெள்ளையாக இருந்தால் ஒரு பக்கத்து வெளிச்சம் தெறித்து மறுபக்கத்துப் படத்தை வெளிறச் செய்துவிடும் என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னார். தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி, இரண்டு லொறி டியூப் கொண்டுவந்தார். அவற்றில் காற்றடித்து மேலே பலகையைப் போட்டு, பழைய வேன் ஒன்றின் சீட்டைப் பூட்டினார்கள். பின்னால் ஒரு கம்பியைப் பிடித்து மாமா ஆட்டினால் சீட் படகைப் போல ஆடும். படத்துக்காக அப்பாவும் மாமாவும் கண்டலமக் குளத்தில் ஒரு படகு எடுத்து, பலகையில் இரண்டு போன்களைப் பக்கம் பக்கமாகக் கட்டி, ஒரு காலை முழுக்கச் சுற்றி வந்தார்கள்.

புரொஜெக்டர்கள் இரண்டும் இரவல். பாடசாலை மண்டபத்தில் ஒரு உயரமான மேசையில் அவற்றை வைத்து, இரண்டு படத்தையும் நடுவில் சேர்க்க அப்பாவுக்கு இரண்டு நாள் பிடித்தது. விஞ்ஞான சேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இப்போது எப்படி, இப்போது எப்படி என்று கேட்டுக் கேட்டுத்தான் செய்தார். படித்த மனிதரிடம் அப்பாவுக்கு எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் சேர் சரி என்றதும் மெஷின்களின் கால்களைச் சுற்றி டேப் ஒட்டினார். இடப்பக்கத்து மெஷினின் ஒரு காலின் கீழே மட்டும், உயரம் சரிவர, மடித்த மட்டைத் துண்டொன்றைச் செருகினார்.

கண்காட்சி நாள் காலையில் நானும் அந்தச் சீட் படகில் போனேன். எல்லாம் தெரிந்திருந்தும் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் காலடியில் ஓடியது. தூரத்து மலை மெதுவாகக் கிட்ட வந்தது. முன்னால் வைத்திருந்த மின்விசிறி ஈரத்துணி வழியாகக் காற்றை அனுப்ப, குளத்து வாடையே வருவதுபோல் இருந்தது. கீழே இறங்கியபோது தரை ஆடியது. மண்டபத்துக்கு வெளியே மரத்தடி வரை வரிசை நின்றது. என் வகுப்புப் பிள்ளைகள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் அம்மா கொடுத்துவிட்ட சோத்துப் பார்சலோடு உள்ளே போனேன். அப்பா கை கழுவவும் மாமா சாப்பிடவும் வெளியே போயிருந்தார்கள். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. திரையில் ஒரு கோடும் இல்லை. உண்மையிலேயே இரண்டு படம்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இடப்பக்கத்து மெஷினைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். குளத்தின் பாதி மேலே போனது. பயந்து உடனே கீழே வைத்தேன், டேப் அடையாளத்துக்குள்தான் வைத்தேன். ஆனால் அந்த மட்டைத் துண்டு நழுவி மேசையின் பின்னால் விழுந்துவிட்டது. திரையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிச்சப் பட்டை மேலிருந்து கீழே நின்றது. அதற்குள் மலை உச்சி இரண்டாகத் தெரிந்தது. மட்டையைக் குனிந்து தேடுவதற்குள் அப்பா வந்துவிட்டார். கையில் பார்சலோடு ஒன்றும் தெரியாதவள்போல நின்றேன்.

அவர் சாப்பிட உட்காரவில்லை. ஹோட்டல் மெனேஜர் நேரத்தோடு வந்துவிட்டார், சேர் அவரை அதிபரின் அறைக்குக் கூட்டிப் போயிருக்கிறார், ஐந்து நிமிடத்தில் இங்கே வருவார்கள் என்றார். மேசையருகே போய் மெஷின்களின் கால்களைச் சுற்றியிருந்த டேப்பை விரலால் தடவிப் பார்த்தார். டேப் சரியாகத்தான் இருந்தது. பிறகு திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார், சீட்டில் போய் உட்கார்ந்தும் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார், என் வாயிலிருந்தே வரட்டும் என்று காத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நடுவுல கோடு ஏதும் தெரியுதா புள்ள?"

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"தெரியலப்பா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல."

அவர் தலையாட்டினார். சட்டையை உதறி, தலைமயிரைக் கையால் ஒதுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மெனேஜர் நல்ல மனிதர். சீட்டில் ஏறி உட்கார்ந்து, முடியும் வரை அசையாமல் பார்த்தார். மாமா என்றுமில்லாத கவனத்தோடு ஆட்டினார். படகு அந்தப் பட்டையை நோக்கியே போய்க்கொண்டிருந்தது. மலை இரண்டு, மரம் இரண்டு, கரையில் நின்ற ஒரு மாட்டுக்குத் தலை இரண்டு. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். இறங்கியதும் அவர் சிங்களத்தில் அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு தயங்கித் தயங்கி, நடுவில் தெரிகிற அந்தக் கோட்டை எடுக்க வழியில்லையா என்று கேட்டார்.

அப்பா திரையின் பக்கம் திரும்பினார். என் பக்கம் பார்க்கவே இல்லை. மெஷின் பழசு சேர் என்று மட்டும் சிங்களத்தில் சொன்னார். மெனேஜர் அப்பாவுடைய தொலைபேசி எண்ணை எழுதிக்கொண்டு போனார். அதன் பிறகு அழைப்பு எதுவும் வரவில்லை.

பின்நேரம் முழுக்கப் படம் அந்தக் கோட்டோடுதான் ஓடியது. பெடியன்கள் ரெட்டைத்தலை மாட்டைப் பார்க்கவே திரும்பத் திரும்ப வரிசையில் நின்றார்கள். அப்பா திருத்த முயலவில்லை. மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார்.

அடுத்த மாதம் மாமாவோடு தம்புள்ளைச் சந்தைக்கு வேலைக்குப் போனார். அங்கே தராசில் மூட்டை நிறுத்தார். இரண்டு வருடம் கழித்துத் தராசின் இலக்கங்களைத் தப்பாக வாசிக்கத் தொடங்கியபோதுதான் கண்டிக்குக் கூட்டிப் போனோம். இரண்டு கண்ணிலும் அழுத்தம், இது பல வருடமாகவே இருந்திருக்கிறது, போன பார்வை போனதுதான் என்று டொக்டர் சொன்னார். அம்மா அழுதபோது அப்பா எல்லாவற்றையும் சொன்னார். வெளிநாட்டில் கடைசி வருடம் மங்கலான வெளிச்சத்தில் அவருக்கு எதுவும் பிரிந்து தெரியவில்லை. கோட்டைக் கண்டுபிடிக்க முடியாதவருக்கு அங்கே வேலை இல்லை, அனுப்பிவிட்டார்கள்.

இப்போது கண் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். மாதம் ஒரு தடவை, அதிகாலை பஸ், இலக்கத் துண்டு, உட்கார ஒரு மரவாங்கு. காத்திருக்கிற நேரத்தில் பேச எங்களிடம் புதிதாக ஒன்றும் இருப்பதில்லை. போன வருடம் அப்படி உட்கார்ந்திருந்தபோது மட்டைத் துண்டின் கதையைச் சொல்லிவிட்டேன். பெரிய தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. அதைச் சுமந்து சுமந்து அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அது நீயா? நான் கட்டுனதே சரியில்லன்னுல்ல நெனச்சேன். காலையில இருந்தே கோடு இருந்திருக்கும், சேர் என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லாம விட்டுட்டாருன்னு நெனச்சேன். அதான் அதோட அந்த வேலையவே விட்டேன்."

அதற்குள் எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

கண்காட்சி முடிந்த அன்று பொழுது சாயும் நேரத்தில் நாங்கள் இருவரும் வீட்டுக்கு நடந்தோம். எங்கள் வீட்டுக்கு இறங்குகிற படிக்கட்டு ஒடுக்கமானது, விளக்கும் கிடையாது. முதல் படியில் அப்பா நின்றார். பிறகு என் தோளில் கையை வைத்தார். அதற்கு முன் அவர் அப்படிச் செய்ததே இல்லை. கை பாரமாக இருந்தது. ஒவ்வொரு படியிலும் என் தோளை அழுத்தி, நான் கால் வைத்த பிறகே அவர் கால் வைத்தார். நடந்தது அவருக்குத் தெரியும், என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கப் பார்த்தேன். அவர்தான் மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே வந்தார்.