போனுக்கு முன்னால் ஒரு தட்டு

செம்மண்டலத்துக்குக் குடிவந்த புதிதில் அமராவதி தன் மகள் அறிவுமதியின் கழுத்தைத் தினமும் பயத்தமாவு போட்டுத் தேய்த்தாள். கழுத்து மடிப்பில் கருப்பாக ஒரு வளையம். தேய்க்கத் தேய்க்கத் தோல் சிவந்ததே தவிர கருப்பு போகவில்லை. காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்தில் டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"இது அழுக்கு இல்லம்மா. எடை ஜாஸ்தியானதால வர்றது. இப்படியே விட்டா சின்ன வயசுலயே சர்க்கரை வந்துடும். சோத்தக் கொறைங்க, ஓடியாட விடுங்க."

ஒன்பது வயசுப் பிள்ளை. தான் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்த அந்தக் கழுத்தைப் பார்க்க அமராவதிக்கு அழுகை வந்துவிட்டது.

ஓடியாட எங்கே விடுவது? சொந்த ஊர் குமராட்சியில் இருந்தவரை பிள்ளை வீடு தங்கியதில்லை. இங்கே மாடி வீடு, கீழே இறங்கினால் ஷேர் ஆட்டோ உரசிக்கொண்டு போகிறது. இங்கிலீஷ் பள்ளியில் படிக்கட்டும் என்று அவர்களைக் கொண்டுவந்து குடிவைத்துவிட்டு, புருஷன் அருள்முருகன் குவைத்துக்குப் போய்விட்டான்.

போனவன் போன இடத்தில் இருந்தானா? ராத்திரிச் சாப்பாட்டு வேளைக்குச் சரியாக வீடியோ காலில் வந்து உட்கார்ந்துவிடுவான். போனைச் சொம்பில் சாய்த்துவைத்து, மகளின் தட்டு தெரிகிற மாதிரி காட்ட வேண்டும். சோறு குவிந்திருக்க வேண்டும், பக்கத்தில் பொரித்தது ஏதாவது இருக்க வேண்டும். அவன் கையில் காய்ந்த குப்பூஸ் ரொட்டி இருக்கும். மகள் வாய் நிறைய மெல்லுவதைப் பார்த்தால்தான் அது அவனுக்குத் தொண்டையில் இறங்கும். கொள்ளிடத்து வெள்ளத்தில் வீடு போய், பள்ளிக்கூடத்தில் தங்கி, பொட்டலச் சோற்றுக்குக் கை நீட்டி வளர்ந்தவன். அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை, அதுதான் பெரிய தொல்லை.

ஆனாலும் டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் அவனிடம் சொன்னாள்.

"மொதல்ல அந்தம்மா கண்ணுதான் பட்டிருக்கு. மொளகா சுத்திப் போடு" என்றான் அவன். "நா எதுக்கு இங்க வெயில்ல வேவறேன்? எம் புள்ளைக்கு அளந்து சோறு போடவா?"

அத்தோடு பேச்சு முடிந்தது. அமராவதி வேறு வழி பார்த்தாள். தட்டில் குவித்து வைப்பது, அவன் பார்த்துவிட்டுப் போனை வைத்ததும் மிச்சத்தை அள்ளிப் பானையில் போட்டுவிடுவது. மகளிடமும் சொல்லிவைத்தாள்.

"அப்பாகிட்ட சொல்லாத. மெதுவா தின்னு. போன வச்சதும் அம்மா எடுத்துக்கறேன்."

அவனுக்கும் மனசு நிறையும், பிள்ளைக்கும் நல்லது. பெரிய கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டதாக அவளுக்கு நினைப்பு.

அடுத்த தடவை நிறுத்துப் பார்த்தபோது எடை ஏறியிருந்தது. டாக்டரம்மா அமராவதியை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, மகள் வெளியே எதையாவது வாங்கித் தின்கிறாளோ என்று பள்ளிப் பையைக்கூடக் குடைந்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

அன்று சாப்பாட்டு வேளையில் மகளையே கவனித்தாள். பிள்ளை மெல்லவே இல்லை. கண்ணைப் போனைவிட்டு எடுக்காமல், கவளம் கவளமாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது, அப்போதும் கை நிற்கவில்லை.

"சரிடா கண்ணு, வச்சிடறேன். குளிக்கப் போவணும்" என்றான் அருள்முருகன்.

"வைக்காதப்பா. இன்னுங் கொஞ்ச நேரம் இரு."

"ஏன்டா?"

"நீ வச்சா அம்மா தட்ட எடுத்துடும்."

அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை, பதிலுக்கு அமராவதியும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். அவன் கத்தவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நீ தின்னும்மா. அப்பா வைக்கல. இனிமே தெனமும் நீ முடிக்கிற வரைக்கும் வைக்கமாட்டேன்" என்றான். பிறகு, "அமரா, புள்ளைக்கு இன்னுங் கொஞ்சம் போடு" என்றான்.

பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தட்டை நீட்டியது. குனிந்த கழுத்தில் அந்தக் கருப்பு வளையம் தெரிந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அமராவதி சோற்றை அள்ளி வைத்தாள்.