பஸ் ஸ்டாண்டில் பிடித்ததாக எழுதியது

எல்லை தாண்டிக் கேரளப் பக்கம் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் சத்தியராஜ் ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். சின்ன வயதில் மகள் ஸ்மைலின் ஏனென்று கேட்டதற்கு, "அது நமக்க எல்கை இல்ல மக்கா. அங்க நான் வெறும் சத்தியராஜ்" என்றார்.

அப்படிப்பட்டவர்தான் ஒரு புதன்கிழமை மத்தியானம் மஃப்டியில் எல்லை தாண்டிப் போய் அமீனைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அமீன் தேங்காப்பட்டணத்துக்காரன். பழைய ஸ்கூட்டர் வாங்கி விற்பவன். ஒரு திருட்டு ஸ்கூட்டர் விஷயத்தில் அவன் பெயர் அடிபட்டது. அன்றைக்குக் கேரளப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவனும் மனைவி பாஹிமாவும் டோக்கனுக்குக் காத்திருந்தார்கள்.

"ஏட்டையா, டாக்டரக் கண்டுட்டு வாறேனே" என்றான் அமீன்.

"வாலே, ஒரு மணிக்கூறுல திரும்பிரலாம்."

திரும்பப் பதினாறு நாள் ஆனது.

தேடப்படும் ஆளைத் தொடர்ந்து எந்த மாநிலத்துக்கும் போய்ப் பிடிக்கப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. உள்ளூர் ஸ்டேஷனில் சொல்லிப் பதிந்துவிட்டு, பிடித்த இடத்தையும் நேரத்தையும் உள்ளபடி எழுதினால் வம்பில்லை. ஆனால் சத்தியராஜின் ஸ்டேஷனில் ஒரு பழக்கம் இருந்தது. அந்தப் பக்கம் பிடித்தவனையும் இந்தப் பக்கம் பிடித்ததாக எழுதிவிடுவார்கள். அவரும் கைதுக் குறிப்பில் 'களியக்காவிளை பஸ் ஸ்டாண்டு, மாலை நான்கு மணி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் இன்ஸ்பெக்டர் அதோடு இன்னொரு வரி சேர்த்தார். பஸ் ஸ்டாண்டில் நின்ற அமீனிடம் அந்த ஸ்கூட்டர் இருந்ததாம்.

ஜாமீனில் வந்தபின் அமீனுக்கு, வழக்கு எதுவும் இல்லை என்ற போலீஸ் சான்றிதழ் கிடைக்கவில்லை. கைக்கு வந்த ஷார்ஜா விசா போனது.

ஸ்மைலின் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். பிறகு சட்டம் படிக்கப் போனாள். கைது பற்றிய பாடம் நடந்த நாளில், அமீன் விஷயத்தை வைத்துச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"அங்க வச்சுப் பிடிக்க ஒங்களுக்குப் பவர் உண்டுப்பா. பொறவு எதுக்கு மாத்தி எழுதினிய?"

"அங்க சொல்லிப் பதியணும்னா அரை நாள் காத்துக் கெடக்கணும். எல்லாரும் எழுதுகதுதானே." சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒனக்க பீஸும் இந்தக் கையெழுத்துலதான் கெட்டுகேன்" என்றார்.

அந்தச் சம்பளத்தில் படித்துவிட்டு அதையே குடைகிறோமோ என்று அவளுக்குக் கூசியது. கேட்காமலிருந்தால் படித்தது எதற்கு என்றும் உறுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது பாஹிமா வாசலில் நின்றாள்.

"வழக்க விட்டுருங்கன்னு கேக்க வரேல்ல ஏட்டையா. கோர்ட்டுல எங்க வச்சுப் பிடிச்சியன்னு கேப்பாவ. ஆஸ்பத்திரின்னு ஒரு வாக்கு சொல்லுங்க, போரும்."

"சொன்னா என்னயத் தூக்கிருவாவ பிள்ளே. பென்ஷனுக்கு ஏழு மாசந்தான் கெடக்கு."

"ஒங்க பென்ஷனுக்கு ஏழு மாசம். எங்களுக்கு எத்தன மாசம்னு சொல்லுங்க."

சத்தியராஜ் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார். கடைசியில் அவர், "சொல்லுகேன்" என்றார். "எனக்க மவ சாட்சி. போ."

சாட்சி சொல்ல மூன்று தடவை கோர்ட்டுக்குப் போனார். இரண்டு தடவை நீதிபதி விடுமுறை. ஒரு தடவை வக்கீல்கள் வேலைநிறுத்தம். நான்காவது வாய்தாவுக்குப் பத்து நாள் இருக்கையில், குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்; பிறகு எழவில்லை.

அந்த வாய்தாவில் அவருக்குப் பதிலாக இன்னொரு காவலர் கூண்டேறினார். கைதுக் குறிப்பைப் பார்த்து, "இது சத்தியராஜ் ஏட்டு கையெழுத்துதான்" என்றார். கையெழுத்து உண்மைதான். கடைசி பெஞ்சிலிருந்த ஸ்மைலினைப் பாஹிமா திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி என்ற சொல்லை அன்று யாரும் சொல்லவில்லை.