கூப்பாடும் தாம்பாளமும்

திருப்பதியில் என் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு வெண்கலத் தாம்பாளம் மாட்டியிருக்கிறது. அதன் ஓரம் ஒரு பக்கம் மட்டும் நெளிந்திருக்கும். அம்மாவுக்குச் சீராக வந்தது. அதில் யாரும் வெற்றிலை பாக்கு வைத்து நான் பார்த்ததில்லை. அம்மா அதைக் கரண்டியால் அடிப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

கார்வேட்டிநகரத்துக்கு அப்பால் மலையை ஒட்டி எங்கள் ஊர். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, வேர்க்கடலை போடுவார். ஆனால் கால் நிலத்தில் தரிக்காது. களையெடுப்பு முடிந்த மறுநாளே மலையேறிவிடுவார். தேன், களாக்காய், சீத்தாப்பழம் என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒன்று. ஏரி நிரம்பினால் தூண்டிலோடு கரையில் கிடப்பார். "காட்டுக்குப் பொறந்தவரு, தப்பி வூட்டுக்கு வந்துட்டாரு" என்பாள் அம்மா. திட்டுவதுபோலத்தான் இருக்கும், ஆனால் அதில் பாதி பெருமை. ஏனென்றால் அந்த மனிதர் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. மலையில் எதையும் வாயில் போட்டுக்கொண்டதும் இல்லை. "புள்ளைங்க வயிறு காஞ்சிக்கினு கீறப்போ நான் மட்டும் துன்னா தொண்டையில எறங்குமா?" என்பார். ஒரு வருஷம் முதல் சீத்தாப்பழம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து, அம்மா, நான், தம்பி, தான் என்று நாலாகப் பிட்டார். கொட்டை அதிகமாக இருந்த துண்டைத் தான் எடுத்துக்கொண்டார்.

மலையில் பாதித் தூரத்தில் ஒரு மொட்டைப் பாறை உண்டு. அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீடு தெரியும். பொழுது சாயும்போது அதன்மேல் நின்று "ஓஓஓய்" என்று ஒரு கூப்பாடு போடுவார். அம்மா தாம்பாளத்தோடு வாசலுக்கு ஓடி, கரண்டியால் ஓங்கி அடிப்பாள். வீட்டில் எல்லோரும் சுகம், இறங்கி வா என்று அதற்கு அர்த்தம். அதற்குப் பிறகுதான் உலையில் அரிசி விழும். அவர் இறங்கி, கால் கழுவி, உட்காரவும் சோறு வேகவும் சரியாக இருக்கும். எங்களுக்குப் பசியில் பிராணன் போகும். ஆனாலும் அவர் வராமல் யாருக்கும் சோறு இல்லை.

பல வருஷம் கழித்து அம்மா இறந்து, காரியம் முடிந்த மறுநாள் நைனா மலையேறினார். யாரும் தடுக்கவில்லை. பொழுது சாய்ந்தது, கூப்பாடு வரவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. தம்பி டார்ச்சைத் தேடினான். நான் வேறொன்றும் தோன்றாமல் தாம்பாளத்தை எடுத்து அடித்தேன். கை வலிக்க அடித்தேன். கொஞ்ச நேரத்தில் நைனா வந்துவிட்டார். துண்டில் எதுவும் இல்லை.

"நான் கூப்டவே இல்லியே, ஏம்மா தட்ன?" என்றார்.

"இருட்டிக்கினு வருதே, நைனா."

"பாறை மேலதான் குந்திக்கினு இருந்தேன். கூப்பாடு வாய் வரைக்கும் வந்துச்சி. கூப்ட்டு, கீழ இருந்து சத்தம் வரலன்னா என்னா பண்றதுன்னு அப்டியே குந்திட்டேன்."

அன்றுதான் நைனா அழுது பார்த்தேன்.

திருப்பதிக்கு என்னோடு வாருங்கள் என்று கெஞ்சினேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் பெங்களூரில், நானும் ஒண்டியாகத்தான் இருந்தேன். இங்கேயும் மலை இருக்கிறதே என்றேன். "அது சாமி மலைம்மா. நான் கத்தி அவரு எழுந்துக்கினா?" என்று சிரித்து மழுப்பிவிட்டார். தாம்பாளத்தை மட்டும் என் பையில் வைத்தார். ஏன் என்று அடுத்த நாள் மாலையில் தெரிந்தது. ஊரில் அந்தப் பாறையில்தான் செல்போனுக்கு டவர் கிடைக்கும். அங்கிருந்து போன் செய்தார். "எறங்கட்டுமா?" என்று ஒரே கேள்வி. நான் போனைப் பக்கத்தில் வைத்துத் தாம்பாளத்தை அடித்தேன். "ம், செரி" என்று வைத்துவிட்டார்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். அவர் உலை வைக்கிற நேரத்துக்கு நான் குக்கரைப் போடுவேன். தனியாகச் சாப்பிடுகிறேன் என்றே தோன்றாது. எதிர்வீட்டம்மா ஒருநாள், "ஏமண்டி, ரோஜூ பூஜா?" என்று தெலுங்கில் கேட்டார். தினமும் பூஜைதான் என்று சொல்லிவைத்தேன். பூஜை என்றதும் பிரசாதமாகச் சுண்டல்கூட எதிர்பார்த்தார், பாவம்.

போன மழைக்காலத்தில் நைனா நாலு நாள் காய்ச்சலில் படுத்து, வீட்டுக் கட்டிலிலேயே கண்ணை மூடினார். அதன் பிறகு மாலைகள் மிக நீளமாகிவிட்டன. எப்போது குக்கரைப் போடுவது என்றே தெரிவதில்லை. ஒருநாள் மத்தியானமே சமைத்துவிடுகிறேன், ஒருநாள் சமைப்பதே இல்லை.

வருஷ திதிக்கு ஊருக்குப் போனேன். காரியம் முடிந்ததும் தம்பி சென்னைக்குக் கிளம்பிவிட்டான். நான் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க அந்தப் பாறைவரை ஏறினேன். நைனா நின்ற இடத்தில் நின்றேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கீழே எங்கள் வீடு தெரிந்தது. ஒரே ஒரு தரம் அவர்போலக் கூப்பிட்டுப் பார்க்கத்தான் ஏறினேன். வாய்வரை வந்தது.

தாம்பாளம் திருப்பதியில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன்.