டிரம்ஸ் வாசித்த பாவம்

என் மாமியார் டிரம்ஸ் வாசித்தவர் என்பது, அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தோரு வருஷம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு பெண் கேமராவோடு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என் கணவரிடம் கேட்டேன். "ஏதோ வாசிச்சாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். அவருடைய அம்மாவின் சர்க்கரை அளவு, மூட்டுவலி, எந்தக் கடை மாவு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இது மட்டும் எப்படித் தப்பியது என்று எரிச்சலாக வந்தது.

வந்தவள் கோயம்புத்தூர்க்காரி. ஹைதராபாத் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை, கொண்டாப்பூரில் ஃபிளாட், சனி ஞாயிறுகளில் ஆவணப்படம். செகந்திராபாத் கிளப்புகளிலும் ராணுவ மெஸ்களிலும் ஒரு காலத்தில் நடனத்துக்கு வாசித்த பேண்டுகளைப் பற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் எங்கேயும் எழுதிவைக்காத கதை. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், டிரம்ஸில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பெண் இருந்தாளாம், போலாரம் பக்கம் வீடாம் என்று காதில் விழுந்ததைச் சொல்லப்போக, அதைப் பிடித்துக்கொண்டு சர்ச் சர்ச்சாக விசாரித்து எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள். இந்த ஊர் கிளப்புகளில் டிரம்ஸ் வாசித்த முதல் பெண் அத்தையாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவள் கணிப்பு.

அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. பிறந்து வளர்ந்தது எல்லாம் போலாரம்தான் என்றாலும் பேச்சில் பாளையங்கோட்டையை விடாதவர். இடையிடையே தக்கனியும், அதாவது இந்த ஊர் உருதுவும், வரும். முதலில் "நக்கோ", வேண்டாம், என்றார். வந்தவள் காபியைக் குடித்து முடிப்பதற்குள் "ஹவ், சனிக்கிழமை வா" என்றார்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீடு ஜெபக்கூட்டத்துக்குத் தயாராவதுபோல் தயாரானது. நாற்காலிகளைத் துடைத்தோம், சமோசா சொன்னோம். அத்தை வெள்ளைச் சேலை உடுத்தி மடியில் பைபிளோடு உட்கார்ந்தார். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். எங்கள் சபை ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் அவர்களுக்கு ஒன்றுதான் வரும்: சாட்சி. சபை நடுவில் எழுந்து நின்று, கர்த்தர் தனக்குச் செய்த நன்மைகளைச் சொல்வது. அதில் 'நான் செய்தேன்' என்ற பேச்சே வரக்கூடாது.

"டிரம்ஸ் எப்படிங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"கர்த்தர் கத்துக்குடுத்தாரு."

"மொத தடவ கிளப்புல வாசிச்சப்ப பயமா இருந்துச்சுங்களா?"

"நான் எங்கம்மா வாசிச்சேன். அவருல்லா வாசிக்க வச்சாரு."

"அந்தக் காலத்துல ஒரு பொண்ணு அதுல உக்காந்து வாசிக்கறதுன்னா..."

"எல்லாம் அவரு கிருபை."

புதுச் சட்டையில் கதவோரம் நின்றிருந்த என் கணவர் "ஆமென்" என்றார். அதுவும் பதிவானது. இரண்டு மணி நேரம் இப்படியே போனது. அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் பேண்டில் டிரம்ஸ் வாசித்தது ஆண்டவரேதான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

புறப்படும்போது அவள் என்னை ஸ்கூட்டர் பக்கம் தனியாக அழைத்தாள். "பேண்டு மாஸ்டரோட பையனப் பாத்தேனுங்க அக்கா. டிரம்ஸ் வாசிச்சதே எங்கப்பாதான், அந்தப் பொண்ணு சும்மா போட்டோவுக்கு உக்காந்ததுன்னு கேமரா முன்னாடி சொல்லிட்டாருங்க. பேண்டுல இருந்தவங்க வேற யாரும் இப்ப உசுரோட இல்லீங்க. அம்மா அவங்க வாயால சொல்லலீன்னா படத்துல அவர் சொன்னதுதான் நிக்கும். அடுத்த சனிக்கிழமையோட ஷூட்டிங் முடியுதுங்க."

உள்ளே போய் அத்தையிடம் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். "கர்த்தருக்குத் தெரியும்" என்றார். ஆனால் அன்றைக்குப் பொரியலில் பீன்ஸ் எது, தேங்காய்த் துருவல் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, அவ்வளவு பொடி.

எனக்குப் பொறுமை குறைவு. "கர்த்தருக்குத் தெரிஞ்சாப் போதுமா அத்தை? படம் பாக்குறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றேன்.

"பெருமை பேசக் கூடாதும்மா" என்று முடித்துவிட்டார். அத்தைமேல் வந்த கோபத்தில் அன்று ராத்திரி பாத்திரங்கள்தான் அடி வாங்கின. போட்டோவுக்கு உட்கார்ந்தவளாம். எனக்கே பொறுக்கவில்லை, அவர் எப்படிப் பொறுத்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

வழியைக் காட்டியது மறுநாள் ஞாயிறு ஆராதனை. அன்று சாட்சி சொல்ல எழுந்தவர் முன்னாள் குடிகாரர். எந்த ஹோட்டல், எந்த மேஜை, தொட்டுக்கொள்ள என்ன என்பதுவரை அரைமணி நேரம் விஸ்தாரமாகச் சொன்னார். சபையே வாயைப் பிளந்து கேட்டது. மனந்திரும்பிய கதை இரண்டே நிமிஷத்தில் முடிந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் மெதுவாக ஆரம்பித்தேன். "இன்னைக்கு அவர் முழுக்கத் தன்னப் பத்தித்தானே பேசினார் அத்தை? அது பெருமை இல்லையா?"

"அது எப்படிப் பெருமையாவும்? செஞ்ச பாவத்தல்லா சொன்னாரு."

"கிளப்புக்குப் போய் டான்சுக்கு டிரம்ஸ் வாசிக்கிறது எதுல சேத்தி?"

ஆட்டோ ராணுவக் குடியிருப்பைத் தாண்டும்வரை அத்தை அதன் மதிலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "பாவந்தான்" என்றார். இவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை பைபிள் அலமாரியிலேயே இருந்தது. "நான் பெரிய பாவி" என்று அத்தை தொடங்கினார், கேமராவை நேராகப் பார்த்து. டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் மஞ்சள்காமாலையில் படுத்தபோது, அம்மாவிடம் பாட்டுப் பயிற்சி என்று பொய் சொல்லிவிட்டு அவருக்குப் பதிலாகப் போனது முதல் பாவம். அண்ணன் எழுந்து வந்த பிறகும் இடத்தைத் திருப்பிக் கொடுக்காதது இரண்டாவது. பெடலை மிதிக்கும் கால் தடுக்காமல் இருக்கச் சேலையை எப்படி மடித்து எங்கெங்கே பின் குத்துவார் என்பதை எழுந்து நின்றே காட்டினார். அப்படி நாலு வருஷம் வாசித்திருக்கிறார்.

"பேண்டு மாஸ்டர் வாசிச்சதே இல்லீங்களா?"

"அவியளுக்கு டிரம்ஸ்ல தாளமே நிக்காதும்மா. டிரம்பெட் ஊதுவாவ, அது நல்லா ஊதுவாவ. பொய் சொல்லக் கூடாதுல்லா."

பிறகு என்னிடம் இரண்டு மரக்கரண்டியும் காலி பிஸ்கட் டின்னும் கேட்டார். மூட்டுவலிக்காரியின் மணிக்கட்டு அப்படி வேலை செய்யும் என்று நான் நினைக்கவேயில்லை. கோயம்புத்தூர்க்காரி ஹெட்போனைக் கழற்றிவிட்டு நேராகக் காதால் கேட்டாள். என் கணவருக்கு ஆமென் சொல்லத் தோன்றவில்லை. எனக்கு அழுகை வந்தது. சமையலறைக்குப் போய் சமோசாவை இன்னொரு தடவை சூடு பண்ணினேன்.

படம் முடிந்ததும் எங்கள் சர்ச் ஹாலிலேயே திரையிட்டார்கள். வழக்கம்போல் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அத்தை திரையில் பேச ஆரம்பித்ததிலிருந்து நான் பாஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாட்சி என்றால் கடைசியில் மனந்திரும்புதல் வந்தாக வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிஸ்கட் டின்னோடு படம் முடிந்தது. கைதட்டினார்கள். பாஸ்டர் மைக்கைப் பிடித்து, முன்வரிசையில் இருந்த அத்தையிடம் அன்பாகக் கேட்டார்.

"நல்ல சாட்சிம்மா. நீங்க எப்போ மனந்திரும்பி அத விட்டீங்கன்னு மட்டும் சபைக்குச் சொல்லிடுங்க."

அத்தை மைக்கை வாங்கிக்கொண்டார்.

"மனந்திரும்பல்லாம் இல்ல பாஸ்டர். கல்யாணம் ஆயிட்டு. மாப்ள வீட்ல கூடாதுன்னாவ. விட்டுட்டேன்."

ஆண்கள் பக்கம் ஹால் அதிரச் சிரித்தார்கள். பாஸ்டரும் சிரித்தார். எங்கள் பக்கத்தில் ஒருத்தியும் சிரிக்கவில்லை.