எதிர் நாற்காலி

ஆள் உள்ளே வருவதற்கு முன்பே மேடம் தண்ணீர் டம்ளரை எதிர் நாற்காலிப் பக்கம் நகர்த்தி வைத்துவிடுவார். வேலையை விட்டுப் போகிறவர்கள் உட்காரும் நாற்காலி அது. சிலர் பேசும்போது அழுதுவிடுவார்கள், அதற்குத்தான் தண்ணீர். போகிறவர்களிடம் காரணம் கேட்டு எழுதிக்கொள்வதுதான் பத்தொன்பது வருடமாக இந்தக் கம்பெனியில் அவர் உத்தியோகம். மொத்தம் பன்னிரண்டு கேள்வி. கடைசியில், "என்ன மாத்தினா இருப்பீங்க?" என்பார். அதனால் அவருக்குக் கடைசிக் கேள்வி மேடம் என்று பெயர்.

அந்த அறையைப் பெருக்கித் துடைப்பது நான். மேடம் கழுத்தில் இரண்டு கண்ணாடி தொங்கும். ஒன்று படிக்க, இன்னொன்று எதற்கென்று அவருக்கே தெரியாது. ஆளை எடைபோடுவதில் கெட்டிக்காரி என்று தன்னைப் பற்றி எண்ணம். "பொய் சொல்றவங்க உக்காந்த எடத்துல ஆடிக்கிட்டே இருப்பாங்க அக்கா. இங்க முக்காவாசி பொய்தான்" என்று தாளின் ஓரத்தில் பெருக்கல் குறி போடுவார். குறி விழுந்த தாள் முதலாளி மேசைக்குப் போகாது.

இப்போது போவதா இருப்பதா என்ற கேள்வி அவருக்கே வந்துவிட்டது. மேடத்தின் தங்கை தன் வீட்டு மாடியில் குழந்தைகள் காப்பகம் தொடங்குகிறாள். "வாக்கா, உன்கிட்ட அழறவங்களுக்கு வயசாவது குறையட்டும்" என்று கூப்பிட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். திங்களன்று போகிறேன் என்றார். செவ்வாயன்று லிப்டில் நாலு பேர் வணக்கம் சொல்லிவிட்டார்கள், இருக்கிறேன் என்றார். புதனன்று என்னிடம் கேட்டார். வேண்டிக்கொள்கிறேன் என்றேன். என்னவென்று வேண்டுவீர்கள் என்றார். அது எனக்கும் தெரியவில்லை. மேடத்துக்கு நல்ல தூக்கம் கொடு சாமி என்று மட்டும் வேண்டினேன்.

வெள்ளி காலை ராஜினாமாக் கடிதத்தோடு வந்தார். எதையும் முறைப்படி செய்ய வேண்டும் அவருக்கு. கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. உட்கார்ந்ததும் ஆடினார். நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். மறுபடியும் ஆடினார்.

"இது எப்பலேருந்து அக்கா ஆடுது?"

"நான் வந்ததுலேருந்து ஆடுது மேடம். துடைக்கும்போது டொக்கு டொக்குனு கேக்கும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அலமாரியைத் திறந்து, பெருக்கல் போட்ட தாள்களையெல்லாம் இழுத்து மேசையில் போட்டார். முதல் தாளைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். தங்கையின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

பிறகு குனிந்து, ராஜினாமாக் கடிதத்தை நாலாக மடித்து நாற்காலியின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். கையை ஊன்றி அழுத்திப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஆடியது. உருவி எடுத்து, எட்டாக மடித்தார்.