இரண்டு தாள்களில் அக்காவின் ஜாதகம்

மலேசியாவின் பகாவ் ஊரில் கணினியில் ஜாதகம் கணித்துத் தந்தவரின் பெயரை நான் கேட்டதில்லை. மெலிந்த மனிதர்; சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். கணினியின் பேட்டரி செத்துப்போயிருந்ததால், அதைத் திறக்கும்போதெல்லாம் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தட்டிய பின்னரே வேலையைத் தொடங்குவார்.

அக்கா விரும்பிய லிங்கித் தோட்டத்து இளைஞரின் வீட்டார், ஜாதகம் பொருந்தினால்தான் சம்மதம் என்றிருந்தனர். பொருந்தியது. தாளை அம்மாவிடம் நீட்டியவர் சற்றே தயங்கினார்.

“அக்கா, உங்க மக பொறந்தது பழைய மணியில. நாடே கடிகாரத்த அரை மணி முன்னால தள்ளி வச்சது அப்புறந்தானே? கம்ப்யூட்டருக்குப் புது மணிதான் தெரியும் லா.”

திருத்திக் கணித்தார். லக்கினம் மாறியது, செவ்வாய் எட்டாம் இடத்தில் தோஷமாக வந்து நின்றது. இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தார்.

“தம்பி, நான் எத மாப்பிள்ளை வீட்டுல காட்டுறது?” என்றார் அம்மா.

“அத நான் சொல்ல முடியாதுக்கா. ரெண்டும் நான் அடிச்சதுதான்.”

 சொல்லிவிட்டு அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா எந்தத் தாளை எடுத்தார் என்று அவர் பார்க்கவே இல்லை.

அக்காவின் திருமணம் நடந்தது. ஜாதகக்காரர் அன்று திரும்பிக்கொண்டது கருணையா, அக்கறையின்மையா? எப்பக்கம் நின்றும் வாதாடி வெல்லும் என்னால் இன்றும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.