சாவு வீட்டில் உலக்கைச் சத்தம்

“மூலையில சும்மா நிக்கிற உலக்கை உனக்கு இன்னாடி பேஜாரு பண்ணுது? பூண் ஏன் இல்ல, அடுப்புல வெக்கலாமான்னு கேள்வி வேற. பாடத்தைப் படிக்கிறத வுட்டுட்டு உலக்கையை வெசாரிச்சிக்கினு நிக்கிற” என்று பேத்தியைத் திட்டி விரட்டினேன். விரட்டிய பிறகு எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாதவள் நான். இதைச் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். அவள் எழுதுகிற தமிழில் நான் ஏதோ படித்தவள் மாதிரித் தெரிவேன். நம்ப வேண்டாம்.

யுத்தம் முடிந்து, அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் நானும் அடுத்த வீட்டு அண்ணியும் கூலிக்கு நெல் குத்திக்கொண்டிருந்தோம். அவள் எனக்குச் சொந்தமில்லை. அவள் புருஷனான தையற்காரரை நான் அண்ணன் என்று கூப்பிட்டதால் அவள் அண்ணியானாள். ஒரே உரல், இரண்டு உலக்கை. அவளுடையது எழும்போது என்னுடையது இறங்க வேண்டும். ஒரு மூச்சு தப்பினால் உலக்கைகள் மோதிக்கொள்ளும். அதனால் உலக்கை மேலே இருக்கும்போது யாரும் பேசக் கூடாது என்பது எங்கள் சட்டம். சண்டையெல்லாம் உரலை நிறுத்திவிட்டுப் புடைக்கும்போதுதான்.

சண்டைக்குக் குறைவில்லை. என் வீட்டுக்காரர் மாட்டுவண்டி ஓட்டுகிறவர், கதர்க் கட்சி. கதர்த் துண்டு இல்லாமல் மாட்டைக்கூட அவிழ்க்க மாட்டார். எனக்கும் அதில்தான் பிடிப்பு. அண்ணியும் அண்ணனும் கருப்புச் சட்டை. அண்ணன் சொல்லி அவள் அந்தக் கட்சிக்குப் போகவில்லை. ஒரு கூட்டத்தில் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார்களாம். “பொறந்ததுலேர்ந்து தரையிலதான்டி குந்தினேன். அன்னிக்கித்தான் என் முதுகு எதுமேலயோ சாஞ்சிது” என்றாள். அதை மட்டும் நான் கேலி செய்யவில்லை. மற்ற எல்லாவற்றையும் செய்தேன்.

சட்டத்தை முதலில் மீறியவள் நான்தான். ஒருநாள் உலக்கையை ஓங்கியபடியே கேட்டேன்: “சாமி இல்லன்றீங்களே அண்ணி, கூட்டத்தன்னிக்கி மழை வரக் கூடாதுன்னு யாரை வேண்டிக்கிறீங்க?” அவளுக்குச் சிரிப்பு வந்து கை தப்பியது. அவள் உலக்கை அடித்து, என் உலக்கை நுனியிலிருந்த இரும்புப் பூண் கழன்று சாக்கடையில் போய் விழுந்தது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “உங்காளுங்க சொதந்தரம் வாங்கித் தருவாங்களே, அதை வெச்சி நம்பள கோயில்ல எதுவரைக்கும் வுடுவாங்கன்னு கேட்டுக்கினு வாடி.” பூண் கிடைக்கவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டி, ரத்தமாக இருமத் தொடங்கினார். எங்கள் தெருவில் ஒப்பாரி என்றால் நான்தான். பிரம்மதேசம் கிராமத்திலிருந்தெல்லாம் என்னைக் கூப்பிட ஆள் வரும். ஒருநாள் நான் கஞ்சி கொண்டுபோனபோது அண்ணன் என்னைப் பக்கத்தில் அழைத்தார்.

“தங்கச்சி, உன் வாயி எனக்குத் தெரியும். என் சாவுல ஒப்பாரி கூடாது, தாலி அறுக்கக் கூடாது. உங்கண்ணி அழுதான்னா, ஊருக்குச் சொன்னான், வூட்ல நடக்கலன்னு நாளைக்கி சிரிப்பானுங்க. நீ அழாத. அவளையும் அழ வுடாத.”

“மொதல்ல செத்துக் காட்டுண்ணா, அப்பறம் பாத்துக்கலாம்” என்றேன்.

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆயிற்று. எட்டாம் நாள் காலையில் செத்துக் காட்டினார். எத்தனையோ பேரைக் கேலி செய்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடிந்தால் போதும்.

அன்று தெரு நிறைந்துவிட்டது. அழுவதற்காக வந்த உறவுப் பெண்களைக் கட்சிக்காரர்கள் வாசலிலேயே பணிவாக நிறுத்தினார்கள். தெருமுனையில் கதர்க்காரர்கள் நின்றார்கள். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். “கொள்கை எவ்ளோ நாழி தாங்குதுன்னு இன்னிக்கிப் பாக்கலாம்” என்று என் காதுபடவே சொன்னார். நான் வாயைத் திறந்து ஒரு அடி பாடியிருந்தால் அண்ணி உடைந்திருப்பாள். என் கட்சி ஜெயித்திருக்கும். அழாமல் அனுப்பினால் செத்தவருக்கு வழி கிடைக்காது என்று நம்புகிறவள் வேறு நான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

அண்ணி கழுத்தில் தாலியோடு தலைமாட்டில் நின்றாள். கண் வறண்டிருந்தது. உதடு நீலமாகிவிட்டது. மூச்சு உள்ளே போவது தெரிந்தது, வெளியே வருவது தெரியவில்லை. இவளும் போய்விடுவாள் என்று பயந்துவிட்டேன். கையைப் பிடித்தேன், கருங்கல் மாதிரி கிடந்தது.

“அண்ணி, நேத்து நெல்லு அப்படியே கெடக்குது. வா” என்றேன்.

பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு வந்தாள். பின்கட்டில் உரல் இருந்தது. நெல்லைக் கொட்டினேன். அவள் ஒன்றும் கேட்காமல் உலக்கையை எடுத்தாள். என் உலக்கைக்குத்தான் பூண் கிடையாதே, மொட்டை மரம், சத்தம் ‘தொம்’ என்று விழும். அந்தத் தொம்முக்குள் முதல் ‘ஐயோ’வைப் போட்டாள். அடுத்த குத்துக்கு இன்னொன்று. உலக்கை விழுகிற நேரத்தில் மட்டும் அழுதாள், ஏறுகிற நேரத்தில் வாயை மூடிக்கொண்டாள். நானும் அப்படியே. பேசக் கூடாது என்ற சட்டத்தை அன்று இருவரும் மீறவில்லை. நெல் அரிசியானது, அரிசி நொய்யானது, நொய் மாவானது. உமியும் தவிடுமாக அது எதற்கும் உதவாத மாவு. அது ஈர முகமெல்லாம் அப்பியிருக்க நின்றோம். கிணற்றடியில் அவள் முகத்தை நான்தான் கழுவினேன். திரும்பப் போய்த் தலைமாட்டில் நிமிர்ந்து நின்றாள். பாடை தெருமுனையைத் தாண்டும்வரை யாரும் அவள் கண்ணில் தண்ணீர் பார்க்கவில்லை.

பிறகு அண்ணி, மகனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து விழுப்புரம் போய்விட்டாள். எங்கள் தெருவுக்கு அரிசி மில் வந்தது. அவள் செத்த செய்தி எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் கிடைத்தது. போனேன். “யாராச்சும் அழுதாங்களாடா?” என்று மகனிடம் கேட்டேன். “இல்ல அத்தை, அம்மாவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க” என்றான். வீடு திரும்பி இந்த உலக்கையை எடுத்துப் பார்த்தேன். ஒற்றை உலக்கையால் நெல் குத்தலாம். அதற்கு மேல் ஒன்றும் முடியாது. அடுப்பில் வைக்காதேடி, அது அங்கேயே நிற்கட்டும்.

அன்று அண்ணன் பாடை போன பிறகு தெருப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பிணம் வீட்டில் கிடக்க நெல் குத்துகிற நெஞ்சு எந்த ஊர் நெஞ்சு, அவளுக்குத்தான் சாமி இல்லை, உனக்குமா என்று கேட்டார்கள். முந்தானையிலிருந்த உமியைத் தட்டிக்கொண்டே சொன்னேன்:

“நான்தான்டி வான்னு இட்டுக்கினு போனேன். செத்தவருக்கு இன்னா அவசரம்? நெல்லு குடுத்தவங்கதான் ஜல்தி ஜல்தின்னு நிக்கிறாங்க.”